சத்தம் எந்தப் பக்கம் போகிறது?

விண்டோஸ் 11 கணினியில் திரையின் வலது கீழ் மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கினால் வால்யூம் கோடு வரும். அதன் ஓரத்தில் உள்ள சின்னப் பொத்தானைப் பலர் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். தொட்டால் ஒரு பட்டியல் விரியும். தனியாக எதையும் வாங்கி மாட்டாத வீட்டில்கூட அதில் இரண்டு பெயர்களாவது இருக்க வாய்ப்புண்டு. ‘ரியல்டெக்’ என்று இருப்பது மதர்போர்டிலேயே பதிந்து வருகிற ஒலிச் சில்லு. லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரும், பச்சை ஓட்டையில் செருகும் ஸ்பீக்கரும் அதற்குக் கீழே வரும். மானிட்டர் அல்லது டிவியின் பெயர் தெரிந்தால், அது எச்.டி.எம்.ஐ. கேபிளில் படத்தோடு சேர்ந்து போகும் ஒலி. இவற்றோடு ஒரு யு.எஸ்.பி. ஹெட்செட்டும் ஒரு ப்ளூடூத் இயர்போனும் சேர்ந்தால் பட்டியல் நீண்டுவிடும்.

நமக்கு இவையெல்லாம் ஸ்பீக்கர், ஹெட்போன். கணினிக்கோ ஒவ்வொன்றும் தனி சவுண்ட் கார்டு. யு.எஸ்.பி. ஹெட்செட்டின் வயரிலோ காதுமூடிக்குள்ளோ ஒரு குட்டி சவுண்ட் கார்டு ஒளிந்திருக்கிறது. ப்ளூடூத் இயர்போனுக்குள்ளும் அப்படித்தான். 3.5 மி.மீ. பின் உள்ள சாதாரண ஹெட்போனில் மட்டும் அது கிடையாது. அது கணினியின் சில்லையே நம்பி இருக்கிறது. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

‘புது மானிட்டர் மாட்டினேன், சத்தமே போய்விட்டது’ என்ற புகாரின் காரணமும் இங்கேதான் இருக்கிறது. ஹெட்போன் ஓட்டை மட்டும் உள்ள மானிட்டர்கூட, எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகியதும் தன்னை ஒரு ஒலிக் கருவியாகக் கணினியிடம் அறிவித்துக்கொள்ளும். கணினி அதை நம்பிச் சத்தத்தை அந்தப் பக்கம் அனுப்பும். அங்கே கேட்க ஆளில்லை, அவ்வளவுதான். பட்டியலில் பழைய ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். மறுபடி மறுபடி இதே தொல்லை என்றால் சவுண்ட் செட்டிங்ஸில் அந்த மானிட்டரின் பக்கத்துக்குப் போய், அதை ஒலிக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று தடுத்துவிடலாம்.

ஒரு காலத்தில் எந்தக் கருவி என்ற பேச்சுக்கே இடம் இருந்ததில்லை. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையைக் கொண்டுவந்தது. டாஸ் கால விளையாட்டுகள் அதோடு பேச போர்ட் 220, ஐ.ஆர்.க்யூ. 5, டி.எம்.ஏ. 1 என்று எண்களைக் கேட்டு நிற்கும். ஒரு நிரல் அட்டையைப் பிடித்துக்கொண்டால் இன்னொன்று வாய் திறக்க முடியாது. பல நிரல்களின் ஒலியைக் கலந்து தரும் வேலையை விண்டோஸே எடுத்துக்கொண்டது பிறகு. நிரலுக்கு ஒரு வால்யூம் என்பது விஸ்டாவில் வந்தது. நிரலுக்கு ஒரு கருவி என்பது விண்டோஸ் 10-க்கு 2018 ஏப்ரலில் வந்த அப்டேட்டில்தான் கிடைத்தது. அதனால் பழைய பழக்கத்தில் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாது.

வீட்டில் எழும் தேவைகள் இரண்டு வகை. வெவ்வேறு ஒலிகளை வெவ்வேறு கருவிகளுக்கு அனுப்புவது ஒன்று. ஒரே ஒலியை இரண்டு கருவிகளுக்கு அனுப்புவது இன்னொன்று. முதலாவது சிக்கலானது, இரண்டாவது சுலபம் என்றுதான் எவருக்கும் தோன்றும். உண்மை நேர் எதிர்.

முதல் வகையைப் பார்ப்போம். ஹாலில் இருக்கும் கணினியிலிருந்து டிவிக்கு எச்.டி.எம்.ஐ. கேபிள் போகிறது. பிள்ளைகள் வி.எல்.சி.யில் படம் பார்க்கிறார்கள். அதே கணினியில் அம்மா ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார வேண்டும். படத்தை ஓட விடுங்கள். ஏனென்றால் சத்தம் எழுப்பிக்கொண்டிருக்கும் நிரல்தான் நாம் போகப்போகிற பட்டியலில் தெரியும். செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் சவுண்ட், அதில் வால்யூம் மிக்சர். கீழே வி.எல்.சி. என்று ஒரு வரி இருக்கும். அதன் வலது ஓரத்து அம்புக்குறியைத் தொட்டால் அவுட்புட் டிவைஸ் என்ற இடத்தில் ‘டிஃபால்ட்’ என்று இருக்கும். அதை டிவியின் பெயருக்கு மாற்றுங்கள். பிறகு கணினியின் பொதுவான கருவியாக ஹெட்செட்டை வைத்துவிட்டால் படம் டிவியில், மீட்டிங் காதில். மாற்றியும் கேட்காத நிரலை ஒருமுறை மூடித் திறந்தால் போதும். எல்லாவற்றையும் கலைத்துக் குழப்பிக்கொண்டால் அதே பக்கத்தில் ரீசெட் பொத்தான் இருக்கிறது.

ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் விண்டோஸிடம் மட்டும் இல்லை. வி.எல்.சி.யின் ஆடியோ மெனுவிலேயே எந்தக் கருவி என்று தேர்ந்தெடுக்க இடம் உண்டு. ஜூம், டீம்ஸ், கூகுள் மீட் ஒவ்வொன்றுக்கும் தனியே ஸ்பீக்கர், மைக் தேர்வு உண்டு. நிரல் தனக்கென ஒன்றைப் பிடித்துக்கொண்டால் நீங்கள் வெளியே எத்தனை முறை மாற்றினாலும் அது அசையாது. ‘செட்டிங்ஸில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எதிரில் இருப்பவர் பேசுவது டிவியில் கேட்கிறது’ என்று தவிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த நிரலுக்குள். வெளியே மாற்றுவதற்கு அது கட்டுப்பட வேண்டும் என்றால், ஜூமில் ‘சேம் ஆஸ் சிஸ்டம்’ என்பதைத் தேர்ந்தெடுத்து வையுங்கள்.

பிரவுசரில் ஒரு வரம்பு இருக்கிறது. விண்டோஸின் கண்ணுக்கு குரோம் என்பது ஒரே நிரல். ஒரு டேபில் யூடியூப் பாட்டு, இன்னொரு டேபில் மீட்டிங் என்றால் வால்யூம் மிக்சரில் இரண்டையும் பிரிக்க முடியாது. இதற்கு ஆட்-ஆன் தேடி அலைய வேண்டாம். பாட்டுக்கு ஃபயர்பாக்ஸ், மீட்டிங்குக்கு குரோம் என்று வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது. மேக் வைத்திருப்பவர்களுக்கு நிரல் வாரியாகப் பிரிக்கும் வசதி கணினியோடு வருவதில்லை. நிரலுக்குள்ளேயே தேர்வு இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் தனி மென்பொருள் நிறுவ வேண்டும். லினக்ஸில் பாவுகன்ட்ரோல் என்ற சின்ன நிரல் இதை அழகாகச் செய்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ஒலியும் ஒரு வரியாகத் தெரியும், பக்கத்திலேயே கருவியின் பெயர். இந்த விஷயத்தில் லினக்ஸ்காரர்கள் பல வருடம் முந்திக்கொண்டவர்கள்.

விண்டோஸில் இன்னொரு சூட்சுமம், பொதுக் கருவி என்பது ஒன்றல்ல, இரண்டு. பாட்டு, படம், விளையாட்டுக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று. கண்ட்ரோல் பேனலில் இருக்கும் பழைய சவுண்ட் பலகையில் ஒரு கருவியை வலது சொடுக்கினால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். ஸ்பீக்கரை முதலாவதாகவும் ஹெட்செட்டை இரண்டாவதாகவும் வைத்துவிட்டால், இந்தப் பாகுபாட்டை மதிக்கும் நிரல்களில் அழைப்பு வரும்போது பேச்சு தானாகவே காதுக்குப் போய்விடும். அதே பலகையில் கம்யூனிகேஷன்ஸ் என்று ஒரு டேப் இருக்கிறது. அழைப்பு நடக்கும்போது மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைத்துவிடு என்பது அதில் முன்கூட்டியே குறித்துவைத்த ஏற்பாடு. மீட்டிங் ஆரம்பித்ததும் டிவியில் படத்தின் சத்தம் மங்கிப்போய், பிள்ளைகள் கத்த ஆரம்பிப்பது இதனால்தான். ‘டூ நத்திங்’ என்று மாற்றிவிட்டால் தீர்ந்தது.

ப்ளூடூத் இயர்போன் பற்றித் தனியே சொல்ல வேண்டும். விலை உயர்ந்த இயர்போனில் பாட்டு அருமையாக ஓடிக்கொண்டிருக்கும். மீட்டிங்கில் சேர்ந்த அடுத்த நொடி எல்லாம் பழைய டெலிபோன் போல ஆகிவிடும். இயர்போன் கெட்டுவிடவில்லை. வழக்கமான ப்ளூடூத்தில் இரண்டு முறைகள் உண்டு. பாட்டு முறையில் ஒலி ஒரே திசையில், ஸ்டீரியோவாக, நல்ல தரத்தில் வரும். மைக் வேலை செய்யாது. பேச்சு முறையில் மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே ஒடுக்கமான பாதையைப் பகிர்ந்துகொள்ளும். வினாடிக்கு 8,000 அல்லது 16,000 ஒலி மாதிரிகள் (சாம்பிள்) மட்டுமே, அதுவும் மோனோ. 8,000 மாதிரிகளில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் ஏறாது. ஜால்ராவின் கணீரென்ற ஓசையில் கணிசமான பகுதி அதற்கு மேலே இருக்கிறது. அது அப்படியே காணாமல் போகும். விண்டோஸ் 10-இல் இயர்போனுக்கு ஸ்டீரியோ, ஹேண்ட்ஸ்ஃப்ரீ என்று இரண்டு பெயர்களாகத் தெரிவது இந்த இரண்டு முறைகள்தான். விண்டோஸ் 11 அவற்றை ஒரே பெயருக்குள் மூடிவைத்தாலும் உள்ளே நடப்பது அதுவே.

தீர்வு எளிது: கேட்பதற்கு மட்டும் இயர்போன், பேசுவதற்கு லேப்டாப்பின் மைக் அல்லது வெப்கேமின் மைக். மீட்டிங் நிரலில் மைக்கை மட்டும் மாற்றினால் இயர்போன் பாட்டு முறையிலேயே நிற்கும். குரலும் பெரும்பாலும் தெளிவாகப் போகும். எல்.இ. ஆடியோ என்ற புதிய ப்ளூடூத் முறையில் இந்தச் சிக்கல் தீர வழி உண்டு. ஆனால் கணினி, இயர்போன் இரண்டிலும் அது இருக்க வேண்டும்.

இனி இரண்டாவது வகை. ஒரே பாட்டு ஹாலிலும் சமையலறையிலும் ஒலிக்க வேண்டும். ஹாலில் பச்சை ஓட்டையில் செருகிய ஸ்பீக்கர், சமையலறையில் நீண்ட வயரில் யு.எஸ்.பி. ஸ்பீக்கர். இரண்டுக்கும் அனுப்பு என்று சொன்னால் ஆயிற்று, இதில் என்ன கஷ்டம்?

ஒவ்வொரு சவுண்ட் கார்டும் ஒலியைத் தன்னுடைய சொந்தக் கடிகாரத்தின்படி வெளியே விடுகிறது. வினாடிக்கு 48,000 மாதிரிகள் என்று இரண்டுமே சொல்லும். உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகங்கள் மலிவானவை. ஒன்று சரியாக 48,000 விட்டால் மற்றது 48,002 விடும். ஒரே கடையில் வாங்கிய இரண்டு சுவர்க் கடிகாரங்கள் ஒரு மாதம் கழித்து வேறு வேறு நேரம் காட்டுவதைப் போலத்தான். வினாடிக்கு இரண்டு மாதிரி என்பது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஒரு மணி நேரத்தில் அது 7,200 மாதிரிகள், அதாவது 0.15 வினாடி. இரண்டரை மணி நேரப் படம் முடியும்போது 0.375 வினாடி. நாயகன் ஹாலில் ஒரு முறையும் சமையலறையில் இன்னொரு முறையும் வசனம் பேசுவார்.

இது நேரம் ஆக ஆக வளரும் பிசகு. இதற்கு மேல், ஆரம்பத்திலேயே இருக்கும் தாமதம் வேறு. வயர் ஸ்பீக்கரில் சில மில்லி வினாடிகளில் வரும் ஒலி, ப்ளூடூத்தில் 200 மில்லி வினாடி வரைகூடப் பிந்தலாம். காற்றில் ஒலி மில்லி வினாடிக்குச் சுமார் 34 செ.மீ. நகர்கிறது. அப்படியானால் 200 மில்லி வினாடி என்பது பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கரை ஏறக்குறைய 68 மீட்டர் தள்ளி, தெருமுனையில் கொண்டுபோய் வைத்ததற்குச் சமம். இரண்டு இடங்களிலிருந்து வரும் ஒரே ஒலியில் தாமதம் எவ்வளவு இருந்தால் காது பொறுத்துக்கொள்ளும் என்பதை ஜெர்மனியின் ஹெல்முட் ஹாஸ் 1949-இல் தன் ஆய்வேட்டில் அளந்து காட்டினார். ஏறக்குறைய 30 மில்லி வினாடிக்குள் என்றால் இரண்டும் ஒன்றாகவே கேட்கும். அதைத் தாண்டத் தாண்ட எதிரொலியாகப் பிரியும்.

இதில் ஒரு நிம்மதி, இரண்டு ஒலிகளையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் கேட்டால்தான் இது பிரச்சினை. கணவனும் மனைவியும் ஆளுக்கொரு ஹெட்போனில் படம் பார்க்கிறார்கள் என்றால் ஒருவருக்கு 50 மில்லி வினாடி பிந்தினாலும் யாருக்கும் தெரியாது. உதட்டசைவோடு ஒத்துப்போனால் போதும். ஒரே அறையில் திறந்தவெளி ஸ்பீக்கர்கள் இரண்டு இருப்பதுதான் வம்பு.

இரண்டு ஹெட்போனுக்கு நான் சொல்லும் வழி மென்பொருளே அல்ல. ஒரு ஆண் பின், இரண்டு பெண் ஓட்டை உள்ள ஸ்ப்ளிட்டர் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் மலிவாகக் கிடைக்கும். ஒரே சவுண்ட் கார்டு, ஒரே கடிகாரம், பிசகே வராது. சத்தம் சற்றுக் குறையும். இருவருக்கும் தனித்தனி வால்யூம் இருக்காது. வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பார்க்க அச்சு அசலாக இதே போல இருக்கும் இன்னொரு வயர், மைக்கையும் ஹெட்போனையும் பிரிப்பதற்கானது. அதன் இரண்டு ஓட்டைகளில் ஒன்றின் மேல் மைக் படம் போட்டிருக்கும். அது இதற்கு உதவாது.

காது மந்தமான தாத்தாவுக்கு ஹெட்போனிலும் மற்றவர்களுக்கு டிவியிலும் ஒரே படம் என்பது பல வீடுகளின் தேவை. இதைக் கணினியில் தீர்க்க முயல்வதைவிட டிவியில் தீர்ப்பது நல்லது. சில டிவிகளில் ஸ்பீக்கரும் ஹெட்போனும் சேர்ந்து ஒலிக்கும்படி வைக்க ஒரு தேர்வு இருக்கிறது. ஒலியைப் பிரிப்பது டிவியே என்பதால் கடிகாரச் சண்டை கணினிக்கு வருவதே இல்லை.

மென்பொருளில்தான் செய்தாக வேண்டும் என்றால், மேக்கில் ஆடியோ மிடி செட்அப் என்ற நிரலில் மல்டி அவுட்புட் டிவைஸ் ஒன்றை உருவாக்கலாம். வேண்டிய கருவிகளுக்கு டிக் போட்டு, முதன்மைக் கருவி தவிர மற்றதற்கு ‘டிரிஃப்ட் கரெக்‌ஷன்’ டிக்கையும் போட மறக்காதீர்கள். நாம் பேசிய கடிகாரப் பிசகைத் தொடர்ந்து சரிசெய்துகொண்டே இருப்பது அதுதான். ஒரு குறை: அப்படி இணைத்த பிறகு விசைப்பலகையின் வால்யூம் பொத்தான்கள் வேலை செய்யாது.

விண்டோஸில் இதற்கென்று எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தும் நேரடியான வழி இல்லை. ரியல்டெக் உள்ள கணினிகள் சிலவற்றில், பழைய சவுண்ட் பலகையின் ரெக்கார்டிங் டேபில் முடக்கிய கருவிகளைக் காட்டச் சொன்னால் ஸ்டீரியோ மிக்ஸ் என்று ஒன்று எழுந்து வரும். அதன் ‘லிசன்’ டேபில் டிக் போட்டு இரண்டாவது ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் ஒலி அங்கும் போகும், கொஞ்சம் பிந்தி. இதைவிட ஒழுங்கான வழி வி.பி. ஆடியோவின் வாய்ஸ்மீட்டர். பயன்படுத்திப் பார்த்து, பிடித்தால் பணம் கொடுங்கள் என்ற வகை. ஏ1, ஏ2 என்ற இடங்களில் இரண்டு கருவிகளையும் குறிக்க வேண்டும். ஏ1-இன் கடிகாரம்தான் ராஜா, மற்றது அதைப் பின்பற்றும். அதனால் உங்கள் நல்ல கருவியை ஏ1-இல் வையுங்கள். வாய்ஸ்மீட்டரின் திரை ஒலிப்பதிவுக் கூடத்தின் மிக்சர் மாதிரி இருந்து முதலில் மிரட்டும். இன்னொன்று, அது தன்னையே ஒரு கற்பனை ஸ்பீக்கராகக் கணினியில் பதித்துக்கொள்கிறது. நிரலை மூடிவிட்டு அந்தக் கற்பனை ஸ்பீக்கரைப் பொதுக் கருவியாகவே விட்டுவிட்டால் வீடு நிசப்தமாகிவிடும்.

மைக் பக்கத்திலும் இதே கதைதான், ஆனால் விளைவு பதிவிலேயே தங்கிவிடும். இரண்டு பேர் பேசும் பாட்காஸ்டுக்கு ஒரே மாதிரி யு.எஸ்.பி. மைக் இரண்டு வாங்குவது பலரும் எடுக்கும் முதல் முடிவு. ஆடாசிட்டி ஒரு நேரத்தில் ஒரு கருவியிலிருந்துதான் பதிவு செய்யும். வேறு வழியில் இரண்டையும் பதிவு செய்தாலும், தொடக்கத்தில் ஒரு கைதட்டல், முடிவில் ஒரு கைதட்டல் வைத்துப் பாருங்கள். தொடக்கத்துக் கைதட்டலை இரண்டு தடங்களிலும் நேராக நிறுத்தினால் முடிவுக் கைதட்டல் விலகி நிற்கும். அந்த இடைவெளி இரண்டு படிகங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம், கண்ணால் பார்க்கும்படி. இரண்டு மைக் ஓட்டைகள் உள்ள ஒரே ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கினால் கடிகாரம் ஒன்றாகிவிடும். செலவும் சில சமயம் ஏறக்குறைய அதே அளவில்தான் ஆகும்.

ஒரே மாதிரி யு.எஸ்.பி. கருவிகள் இரண்டு இருந்தால் பட்டியலில் இரண்டும் ஒரே பெயரில் வந்து நிற்கும், ஒன்றின் முன்னால் 2 என்ற எண் மட்டும் இருக்கும். சவுண்ட் செட்டிங்ஸில் கருவியின் பக்கத்தில் பெயர் மாற்ற இடம் இருக்கிறது. ‘சமையலறை’, ‘ஹால்’ என்றே வைத்துவிடுங்கள். செருகும் ஓட்டையையும் மாற்றாதீர்கள். பல மலிவான கருவிகளை வேறு யு.எஸ்.பி. ஓட்டைக்கு மாற்றினால் விண்டோஸ் புதுக் கருவி வந்திருப்பதாக எண்ணி, நீங்கள் செய்துவைத்த ஏற்பாடுகளை மறந்துவிடும்.

மேசைக் கணினியில் முன்பக்க ஓட்டையும் பின்பக்க ஓட்டையும் ஒரே ரியல்டெக் சில்லோடு சேர்ந்தவை. அதனால் முன்னால் ஹெட்போனைச் செருகியதும் பின்னால் ஸ்பீக்கர் ஓய்ந்துவிடும். பல கணினிகளில் ரியல்டெக்கின் ஆடியோ நிரலுக்குள், மேம்பட்ட அமைப்புகளில், முன்னும் பின்னும் தனித்தனி ஒலிகளை ஒலிக்கச் செய் என்ற தேர்வு இருக்கும். அதை எடுத்தால் ஒரு பைசா செலவில்லாமல் ஒரு சவுண்ட் கார்டு இரண்டாகிவிடும்.

கடைசியாக, வயர் ஸ்பீக்கரும் டிவியும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே கணினியோடு சேரும்போது கிளம்பும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல். நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அது. வெவ்வேறு பிளக்குகள் வழியே எர்த் இணைப்பு ஒரு வளையமாகச் சுற்றிக்கொள்ளும்போது ஒலி வயருக்குள் புகுந்துவிடுகிறது. லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்; இரைச்சல் நின்றால் காரணம் அதுவே. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் ஒலி வயரின் நடுவே மாட்டும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்ற சின்னப் பெட்டி இருக்கிறது. மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னை வெட்டிவிட்டால் இரைச்சல் நின்றுவிடும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நிற்கத்தான் செய்யும். ஆனால் ஷாக் அடிக்காமல் காப்பதும் அந்தப் பின்தான்.